சந்திரனுக்குப் போட்டி போடாதவர்

1969-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி. சந்திரனில் மனிதன் நடந்தான்! அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு டெலிவிஷனில் பார்த்தார்கள். அப்போது நம் நாட்டில் டெல்லியில் மட்டும்தான் டெலிவிஷன். மயில்கள் அகவும் விராலிமலை போன்ற ஊர்களுக்கு ரேடியோவும் பத்திரிகையும்தான் கதி.

இந்த மாதிரி ஊர்களை நினைத்தவர் டாக்டர் விக்ரம் சாராபாய்.

1919-ல் ஆமதாபாத்தில் பிறந்தார். தந்தை பெரிய மில் முதலாளி. பிள்ளைக்கோ விஞ்ஞானத்தில்தான் ஆசை. திருச்சிச் சீமையில் பிறந்த சர் சி. வி. ராமனிடம், பெங்களூரில் ஆராய்ச்சி செய்தார்.

பிறகு கேரளக் கடற்கரையில் தும்பா. மீனவர்கள் விட்டுக்கொடுத்த மாதா கோயில்தான் ஆராய்ச்சிக்கூடம். ராக்கெட் பாகங்களைச் சைக்கிளில் கொண்டுபோனார்கள். 1963 நவம்பர் 21-ந் தேதி முதல் ராக்கெட் சீறிப் பாய்ந்தது. அது அமெரிக்கா கொடுத்தது.

ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. சந்திரனுக்கு ஆள் அனுப்பும் போட்டி நமக்கு வேண்டாம் என்பதே சாராபாயின் எண்ணம். செயற்கைக்கோள் மூலம் கிராமத்துக்கு டெலிவிஷன் வரவேண்டும். விவசாயமும் படிப்பும் அதில் சொல்லித்தரவேண்டும் என்று விரும்பினார். ஆர்ம்ஸ்ட்ராங் சந்திரனில் நடந்த இரண்டே மாதத்தில், அதற்காக அமெரிக்காவுடன் ஒப்பந்தம் ஆயிற்று.

பலனைப் பார்க்க அவர் இல்லை. 1971 டிசம்பர் 30-ந் தேதி கோவளத்தில் காலமானார். வயது 52தான். 1975-ல் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் வந்தது. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றுகூட அதில் இல்லை!

2023 ஆகஸ்டு 23-ந் தேதி இந்தியக் கலம் சந்திரனில் இறங்கியது. ஆள் இல்லாத கலம். பெயர் விக்ரம். அதை விராலிமலைக்காரர்களும் வீட்டில் இருந்தபடியே டெலிவிஷனில் பார்க்க முடிந்தது.