பிரிச்சுப் பார்த்தவர்: ஜி.டி. நாயுடு



நம்ம காலேஜ் எங்க இருக்குன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். ஒரகடம் பக்கம் போனா ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ். புது கார்களை ரெண்டு அடுக்கா ஏத்திக்கிட்டுப் போற ட்ரெய்லர் லாரிக்குப் பின்னாடிதான் நம்ம காலேஜ் பஸ் ஊர்ந்து போகும். வண்டிகளுக்கு நடுவிலேயே நாலு வருஷம் படிக்கிறோம். ஆனா நம்மில் எத்தனை பேர் ஒரு எஞ்சினை முழுசா பிரிச்சு, திரும்ப மாட்டி, அது ஓடுறதைப் பார்த்திருக்கோம்? இண்டஸ்ட்ரியல் விசிட்டில் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. லேபில் இருக்கிற கட் மாடலுக்குப் பெயின்ட் அடிச்சு, தொடாதேன்னு போர்டும் மாட்டியிருப்பாங்க.

இந்தக் கேள்வியோடதான் இந்த இதழில் ஜி.டி. நாயுடுவின் கதையை எழுதுறேன். இந்தியாவின் எடிசன் என்று பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரியில் படிச்சிருப்பீங்க. கோயம்புத்தூர்ப் பசங்க அவிநாசி சாலையில் அவர் பேர் வெச்ச மேம்பாலத்தில் போயிருப்பீங்க. அந்த ஒரு வரிக்கும் மேம்பாலத்துக்கும் நடுவில் இருக்கிற மனுஷனைத்தான் நாம பார்க்கப் போறோம்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே அம்மாவை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவே இல்லை. வாத்தியார் மேல மண்ணை வாரி வீசிட்டு ஓடிய பையன் என்றுதான் அவர் கதையைச் சொல்கிறவர்கள் ஆரம்பிப்பார்கள். படிப்பு சீக்கிரமே நின்றுபோனது.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். ஊர்ப் பக்கம் வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் கம்பெனி வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானாக ஓடுகிற ஒரு வண்டியை அந்தப் பையன் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாமளா இருந்தா ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சிட்டுப் போயிருப்போம். அவருக்கோ அந்த வண்டியே வேணும். உள்ளே என்ன இருக்குன்னு தெரியணும்.

கையில் காசு கிடையாது. கோவைக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். வருஷக் கணக்கில் தட்டு தூக்கிச் சேர்த்த சில நூறு ரூபாயில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கினதும் அவர் செய்ததுதான் இந்தக் கதையிலேயே முக்கியமான விஷயம். ஊர் சுத்தக் கிளம்பாமல், உட்கார்ந்து அதைத் துண்டு துண்டாகப் பிரித்தார். பிறகு திரும்ப மாட்டினார்.

இது எவ்வளவு பெரிய வேலைன்னு மெக்கானிக்கல் பசங்களுக்குப் புரியும். மற்ற டிபார்ட்மென்ட்காரங்களுக்காகச் சொல்றேன். அந்தக் காலத்து வண்டியில் ஒரே ஒரு சிலிண்டர். பேட்டரி கிடையாது. மேக்னெட்டோ என்கிற சின்னக் கருவி சுழன்று சுழன்று தீப்பொறியைக் கொடுக்கும். அந்தப் பொறி பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது வரணுமோ, சரியா அங்க வரணும். கழட்டும்போது அடையாளம் வைக்காமல் விட்டால், மாட்டின பிறகு எவ்வளவு உதைத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. யூடியூப் கிடையாது, தமிழில் மேனுவல் கிடையாது, கேட்டுத் தெரிஞ்சுக்கப் பக்கத்தில் ஆளும் கிடையாது. ஒரு வாஷர் தொலைந்தால் இங்கிலாந்திலிருந்து கப்பலில்தான் வரணும், இல்லைன்னா நாமே செய்யணும். பிரிக்கிறது யாராலும் முடியும், நம்ம வீட்டுக் குட்டிப் பசங்களே பொம்மையைப் பிரிச்சு மேஞ்சிடுவாங்க. திரும்ப மாட்டி ஓட வைக்கிறப்பதான் எந்தப் பாகம் எதுக்கு இருக்குன்னு நிஜமாவே தெரிய வரும்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் நடந்த ஒரு சோதனையையும் இங்க சொல்லணும். 1908-இல் லண்டனின் ராயல் ஆட்டோமொபைல் கிளப், மூன்று காடிலாக் கார்களை புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் முழுசாகப் பிரித்துப் போட்டது. மூன்று காரின் பாகங்களையும் ஒண்ணாகக் கலந்தார்கள். அதில் 89 பாகங்களை எடுத்துவிட்டு ஸ்பேர் ஸ்டாக்கிலிருந்து வேறு வைத்தார்கள். பிறகு வெறும் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவரை வைத்தே மூன்று காரையும் திரும்பப் பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். எதையும் அரத்தால் ராவ வேண்டியிருக்கவில்லை. அதற்காக காடிலாக்குக்கு டியூவர் கோப்பை கிடைத்தது. ஒரு காரின் பாகம் இன்னொரு காருக்கு அப்படியே பொருந்தும் என்று அன்னைக்கு நிரூபணம் ஆச்சு. நம்ம ஒரகடம் லைனில் நடக்கிற அத்தனையும் அந்த நம்பிக்கையில்தான் நிக்குது.

ஆனா இதில் ஒரு விஷயம் இருக்கு. பாகங்கள் அப்படிப் பொருந்தணும்னா, முதலில் அந்தப் பாகம் கிடைக்கணும். கோவையில் அது கிடைக்காது. அதனால் நாயுடு கற்றுக்கொண்டது காடிலாக் வழிக்கு நேர் எதிர் வழி. இல்லாத பாகத்தை அளந்து, கடைந்து, உருவாக்குவது. இன்னைக்கும் பழைய பியூக்கையோ காடிலாக்கையோ உயிர்ப்பிக்கிற மெக்கானிக்குகள் இதையேதான் செய்றாங்க. கம்பெனி ஸ்பேர் செய்றதை நிறுத்திப் பல வருஷம் ஆயிருக்கும். தேய்ந்த புஷ்ஷை அளந்து லேத்தில் புதுசா கடையணும். கேஸ்கட்டை ஷீட்டில் வெட்டி எடுக்கணும். அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளை நடத்தும் கார் மியூசியத்துக்குப் போனீங்கன்னா, பளபளன்னு நிக்கிற பழைய வண்டிகளைப் பார்த்து இதை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

சரி, கதைக்கு வருவோம். நடுவில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கிச் சம்பாதித்தார், பம்பாய் வரை போய் அதை இழந்தும் வந்தார். பிறகு கோவையின் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுக்க, 1920-இல் தவணையில் ஒரு பஸ்ஸை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் அதைத் தானே ஓட்டினார். 60 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் காலத்து ரோட்டில், கையால் சுழற்றி ஸ்டார்ட் செய்கிற வண்டி அது. வழியில் நின்னா டிரைவர்தான் மெக்கானிக். ஒத்தை பஸ் வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனம் ஆச்சு. வண்டி கெடாமல் ஓடணும், நேரத்துக்கு ஓடணும் என்பதற்காகவே பட்டறைகள் வளர்ந்தன. அந்தப் பட்டறைப் புத்திதான் அவரை அடுத்தடுத்த பொருள்களுக்கு இழுத்துப்போனது.

1937-இல் பீளமேட்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. கோவை மோட்டார், பம்புசெட் ஊராக மாறிய கதையின் ஆரம்ப அத்தியாயங்களில் அதுவும் ஒன்று. பிறகு பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேஸர், மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு செய்யும் இயந்திரம், சாதாரண ஜனங்க வாங்குற விலையில் ரேடியோ. பருத்தி, பப்பாளியில் ஆராய்ச்சி வேறு. 1952-இல் ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலைக்கு என்று உருவாக்கினார்.

அந்தக் காரை நீங்க ரோட்டில் பார்த்ததே இல்லையே, ஏன்? தயாரிக்க அரசாங்க லைசென்ஸ் கிடைக்கலை. ஒரு எஞ்சினைத் திறந்து பார்க்கத் தெரிந்தவருக்கு, அரசாங்க ஃபைலைத் திறக்க ஸ்பேனர் கிடைக்கவில்லை. 1950-களில் வரிக் கொள்கையை எதிர்த்து, தன் கையால் செய்த பொருள்களையே பொது இடத்தில் வைத்து உடைத்துப் போராடினார். வாழ்க்கை முழுக்கப் பிரிச்சதை எல்லாம் திரும்ப மாட்டின மனுஷன், திரும்ப மாட்டவே முடியாதபடி உடைச்சது அந்த ஒரு தடவைதான் போல.

நமக்கு நேரடியா சம்பந்தப்பட்ட பகுதி இனிமேல்தான் வருது. 1945-இல் அவர் முயற்சியில், அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியும் தொடங்கின. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத நாயுடு, கல்லூரிக்கு முதல்வர் ஆனார். பொறியியல் படிப்புக்கு நாலு வருஷம் வீண், ரெண்டு வருஷம் போதும் என்பது அவர் வாதம். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

அவர் சொன்னது சரியா? ஃபைனல் இயரில் உட்கார்ந்து யோசிச்சா, உடனே ஆமான்னு சொல்லத் தோணும். ஆனா நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். கிராங்க் ஷாஃப்ட் எங்கே முறியும் என்று முன்கூட்டியே கணக்குப் போட தெர்மோவும் மெட்டீரியல் சயின்ஸும் வேணும். பிரிச்சுப் பார்த்தா மட்டும் அது தெரியாது. இன்னைக்கு வண்டியின் பாதி மூளை சாஃப்ட்வேரில் இருக்கு. அதுக்கு ஸ்பேனர் பத்தாது.

ஆனாலும் அவர் கோபத்தை நான் ஒதுக்க மாட்டேன். அவருக்குத் தொந்தரவா இருந்தது வருஷக் கணக்கு மட்டும்னு எனக்குத் தோணலை, அந்த வருஷங்களில் கை என்ன செய்யுது என்பதும்தான். நாம ரெக்கார்ட் நோட்டில் நாலு வருஷமா எஞ்சின் வரையறோம். ப்ராஜெக்ட்டைக் கடையில் வாங்கி வைவாவில் வெச்சிடலாம்னு பேசிக்கறோம். பிறகு நம்மில் பலர் இங்கேயே ஒரு லைனில் சேருவோம். அங்கே ஒரு ஸ்டேஷனில் ஒருத்தருக்குச் சில போல்ட்டுகள்தான். முழு வண்டி எப்படி உயிர் பெறுதுன்னு தெரியாமலே வருஷங்கள் ஓடிடும். இங்க படிக்கிற காலம்தான், எதையாவது முழுசா திறந்து மூட நமக்குக் கிடைக்கிற நேரம்.

ஹாஸ்டல் பின்னாடி துருப்பிடிச்சு நிக்கிற ஒரு பழைய பைக், வீட்டில் ஓடாமல் கிடக்கிற ஒரு மிக்சி, எது வேணா போதும். கழட்டும்போது ஒவ்வொண்ணையும் வரிசையா அடுக்கி, அடையாளம் போட்டு வைங்க. மாட்டும்போது ஒரு நட்டு மிஞ்சினா, அது எங்கேருந்து வந்ததுன்னு கண்டுபிடிங்க. இன்டர்வியூவில் உட்காரும்போது சொல்றதுக்கு உங்களுக்கே உங்களுக்குன்னு ஒரு விஷயம் இருக்கும்.

நாயுடு 1974 ஜனவரி 4 அன்று, 80 வயதில் மறைந்தார். அவர் தொடங்கி வைத்த இன்ஜினியரிங் கல்லூரி இன்னைக்கு கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நம்ம ஊர்ப் பசங்க கவுன்சிலிங்கில் போட்டி போட்டு எடுக்கிற ஜி.சி.டி. அதுதான். அங்கேயும் பி.இ. நாலு வருஷம்தான். அந்த வாதத்தில் அவர் தோற்றுப் போனார்.

நமக்குக் கிடைச்ச அந்த நாலு வருஷத்தில் நாம எதைப் பிரிச்சோம், எதைத் திரும்ப மாட்டினோம்? ஜூனியர்களே, உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு. ஃபைனல் இயர் மக்களே, நமக்கும் ஒரு செமஸ்டர் பாக்கி இருக்கு.