வாணிகத்திலும் வழுவாத வ.உ.சி.

கப்பலோட்டிய தமிழர் என்றதும் நம் நெஞ்சில் முதலில் எழுவது சிறைச்சாலையும் செக்கும்தான். நாட்டுப்பற்றின் திருவுருவமாக அவரைப் போற்றுகிறோம், மேடைதோறும் புகழ்கிறோம், பேச்சுப் போட்டிகளில் முழங்குகிறோம். ஆனால் அப்பெருமகனார் ஒரு கம்பெனியை நிறுவி, பங்கு விற்று, கப்பல் வாங்கி, கட்டணம் வகுத்த வணிகரும் ஆவார் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. வணிகராகிய வ.உ.சி.யையே இக்கட்டுரையில் நான் காண விழைகிறேன்.

அதற்குக் காரணம் நான் பிறந்து வளர்ந்த அத்திப்பட்டுதான். ஒருபுறம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மறுபுறம் 2001-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் எண்ணூர்த் துறைமுகம். இடையே இரவு பகலாக ஓடும் லாரிகள். இவற்றால் எங்கள் பகுதிக்கு வேலை வந்தது, கடைகள் வந்தன, சாலை வந்தது. அதை மறுப்பது நன்றி கொன்றதாகும். ஆயினும் கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்ததும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்க் கழிவு பரவி மீனவர் வலைகளும் படகுகளும் பாழானதும் இதே மண்ணில்தானே?

பெருநிறுவனங்கள் தம் லாபத்தில் ஒரு பகுதியைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் விதித்துள்ளது. முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காடு என்பது கணக்கு. 2014 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. இத்தகைய நிதியால் பள்ளிகளுக்குப் பெஞ்சுகள் கிடைக்கின்றன, மருத்துவ முகாம்கள் நடக்கின்றன. நல்லவையே. ஆனால் என் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது. லாபத்தில் 2 பங்கு அறத்துக்கு என்றால், எஞ்சிய 98 பங்கு எந்த வழியில் வந்தது? கொடுக்கும் கையை மட்டும் பார்த்தால் போதுமா? ஈட்டும் கையையும் பார்க்க வேண்டாமா? இவ்வினாவுக்கு விடை தேடியபோதுதான் வ.உ.சி.யின் வாழ்க்கை எனக்குப் புதிதாகத் தெரிந்தது.

வழக்கறிஞர் வணிகரானார்

1872 செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மகனாகப் பிறந்தார் சிதம்பரனார். தந்தையைப் போலவே சட்டம் பயின்று வழக்கறிஞரானார். ஏழைகளுக்காகக் கட்டணமின்றியும் வாதாடினார். 1900-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

தூத்துக்குடி அன்று கொழும்புக்குச் செல்லும் வாயில். அக்கடல் வழியில் சரக்கேற்றுவதும் பயணிகளை ஏற்றுவதும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தன. வணிகர்களோ அவர்கள் வைத்ததே விலை, சொன்னதே சட்டம் என்று அடங்கிக் கிடந்தனர். இந்த நிலையை மாற்ற வேண்டுமெனில் கூட்டமும் கூச்சலும் போதா, போட்டிக்கு ஒரு கப்பல் வேண்டும் என்று கண்டவர் வ.உ.சி.

அதற்கு முன்பே அவர் தூத்துக்குடியில் சுதேசிப் பண்டகசாலையும் நெசவுச் சாலையும் தோற்றுவித்திருந்தார். நெசவுச் சாலைக்கு அவர் இட்ட பெயர் தரும சங்க நெசவுச் சாலை என்பதாகும். தொழிற்கூடத்தின் பெயரிலேயே தருமத்தைச் சேர்த்தவரின் உள்ளம் எத்தகையது என்று நான் விளக்கவும் வேண்டுமோ?

கம்பெனி பிறந்தது

1906 அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார்.

வணிகவியல் பயிலும் நண்பர்கள் இதனை உற்று நோக்க வேண்டும். சில செல்வர்களிடம் பெருந்தொகை பெற்றுக் கம்பெனியை அவர்கள் கையில் ஒப்படைத்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்கத்தக்க 25 ரூபாய்ப் பங்குகளாகப் பகுத்தனர். இந்தியர், இலங்கையர் முதலிய ஆசிய மக்களே பங்குதாரர் ஆகலாம் என்றனர். இந்தியருக்குக் கப்பல் தொழிலைக் கற்பிப்பதும், கப்பல் கட்டும் துறை அமைப்பதும் கம்பெனியின் நோக்கங்களாகவே எழுதப்பட்டன. இன்று தனி நிதி ஒதுக்கிச் செய்யும் சமூகப் பணி அன்று அந்தக் கம்பெனியின் கருவிலேயே இருந்தது எனலாம்.

முதலில் வாடகைக்குக் கப்பல் அமர்த்தினார். பகைவரின் நெருக்குதலால் அது கைவிட்டுப் போயிற்று. சொந்தக் கப்பல் இல்லாமல் திரும்புவதில்லை என்ற உறுதியோடு பம்பாய் சென்றார். 1907-இல் காலியோ, லாவோ என்னும் கப்பல்கள் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து நின்றபோது ஊரே திரண்டு வரவேற்றது.

கட்டணப் போர்

எதிர்க் கம்பெனி வாளாவிருக்குமா? கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, இறுதியில் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், பயணிகளுக்குக் குடை தருவதாகவும் அறிவித்தது என்பர். குடை கொடுப்பது கருணையா? இல்லை. எளியவனை வீழ்த்திய பிறகு வேண்டிய விலையை வைத்துக்கொள்ளலாம் என்னும் கணக்கே அது. போட்டியாளரை ஒழிக்கும் நோக்கத்தோடு அடக்கவிலைக்கும் கீழே விற்பது முறையற்றது என்று நம் நாட்டின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் சொல்கிறது. அத்தகைய சட்டத்தின் துணை வ.உ.சி.க்கு இல்லை. ஆட்சியும் எதிரியின் பக்கமே நின்றது.

ஒரு நிறுவனம் இலவசமாக எதையேனும் கொடுக்கும்போது, அதன் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுப்பது அந்தக் குடை.

ஆலைத் தொழிலாளர் பக்கம்

வ.உ.சி.யின் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். தூத்துக்குடியில் ஹார்வி நிறுவனத்தாரின் கோரல் மில் நூற்பாலை இருந்தது. குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வார விடுமுறையும் கிடையாது. 1908 பிப்ரவரி 27-ஆம் நாள் அங்கே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினர்.

சற்றே சிந்தியுங்கள். வ.உ.சி. அப்போது ஒரு கம்பெனியை நடத்துபவர். அதுவோ கட்டணப் போரில் தள்ளாடிக்கொண்டிருந்தது. இந்நேரத்தில் வெள்ளையர் ஆலையோடு மோதினால் அரசின் சினம் தம் கப்பல்கள் மீதும் பாயும் என்பது சட்டம் கற்ற அவருக்குத் தெரியாதா? ஒதுங்கி நின்றிருந்தால் குறை சொல்வார் எவருமில்லை. தமக்கு லாபம் எது என்று கேட்டிருந்தால் அவர் ஒதுங்கியே இருந்திருப்பார். எது நியாயம் என்று கேட்டதால் தொழிலாளர் பக்கம் போனார்.

மேடையில் பேசியதோடு அவர் நிற்கவில்லை. வேலையிழந்தோர் பட்டினி கிடவாதபடி பொருள் திரட்டினார். ஊர் மக்களும் துணை நின்றனர். வேலைநிறுத்தத்தைப் பழித்தவர்க்குச் சவரம் செய்ய நாவிதர் மறுத்தார் என்ற செய்தியும் உண்டு. நிருவாகம் பணிந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

கொடுத்த விலை பெரிது. 1908 மார்ச் 12-இல் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். செய்தி பரவியதும் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை விட்டு வெளியே வந்தனர். இம்முறை கூலிக்காக அன்று, தம் தலைவருக்காக. மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கொந்தளிப்பில் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

சிறையும் சிறுகடையும்

கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். அந்தச் செக்கைச் சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் காணலாம். அவர் சிறையில் இருக்கும்போதே, 1911-இல், கம்பெனி கலைக்கப்பட்டது. எந்தக் கம்பெனியை எதிர்த்துத் தொடங்கினாரோ அக்கம்பெனிக்கே கப்பல் விற்கப்பட்ட கொடுமையை என்னென்பது!

1912 டிசம்பரில் விடுதலையானபோது வரவேற்கக் கூட்டமில்லை. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னைக்கு வந்து சிந்தாதிரிப்பேட்டையிலும் பெரம்பூரிலும் குடியிருந்தார். கப்பல் வாங்கிய கைகள் மண்ணெண்ணெய் விற்றன. பஞ்சாலைத் தொழிலாளர் நிறைந்த பெரம்பூரில் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இவ்வட சென்னைத் தொழிலாளர் இயக்கத்தோடும் வ.உ.சி. உறவு கொண்டிருந்தார். வறுமையிலும் அவர் தொழிலாளியை மறக்கவில்லை.

பின்னர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமத்தைத் திரும்பப் பெற்றார். அந்நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். அவர் பகைத்தது அநீதியைத்தான், மனிதரை அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1935-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு அவர் எழுதிய உரை வெளிவந்தது. வாணிகம் செய்பவன் பிறர் பொருளையும் தன்னுடையதாகக் கருத வேண்டும் என்ற கருத்தை வள்ளுவர் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். அதற்கு உரை எழுதும் தகுதி வ.உ.சி.க்கு ஏட்டறிவால் மட்டும் வந்ததன்று. தம் இறுதி நாட்களில் எழுதிய உயிலில், எண்ணெய்க்கடைப் பாக்கி போன்ற சில்லறைக் கடன்களையும் அவர் குறித்துவைத்தார். 1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியில் அவர் உயிர் பிரிந்தது.

நமக்குரிய பாடம்

நேர்மையாக நடந்தவரின் கம்பெனி மூழ்கிவிட்டதே, பிறகு அறத்தால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அறம் எப்போதும் லாபம் தரும் என்று நான் வாதிட மாட்டேன், வ.உ.சி.யின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. நட்டம் வந்தபோதும் விடாமல் பற்றிக்கொள்வதையே அவர் அறம் என்று கருதினார். வசதிப்பட்டபோது மட்டும் காட்டும் அறத்துக்கு விளம்பரம் என்றல்லவா பெயர்?

ஒரு நிறுவனத்தை எடைபோட அவர் வாழ்வு நான்கு அளவுகோல்களைத் தருகிறது. பங்கு யாரிடம் இருக்கிறது? போட்டி முறையாக நடக்கிறதா? உழைப்பவனுக்கு உரிய கூலியும் ஓய்வும் உண்டா? சிறியவனுக்குத் தர வேண்டிய பாக்கி தீர்ந்ததா? எங்கள் ஊரைப் பொறுத்தவரை, ஆற்றுக்கும் மீனவனுக்கும் உண்டான இழப்பும் தீர்க்கப்பட வேண்டிய பாக்கிதான். இவற்றுக்கு விடை சொல்லிவிட்டு, அதன்பின் பெஞ்சும் முகாமும் தரட்டும், கைதட்டி ஏற்போம்.

2011 முதல் தூத்துக்குடித் துறைமுகம் வ.உ.சி.யின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எங்கள் எண்ணூர்த் துறைமுகம் காமராசர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கைம்மாறு கருதாத இரு பெருமக்களின் பெயர்களைத் துறைமுகங்களுக்குச் சூட்டிவிட்டோம். நாளை நம்மில் பலர் அத்துறைமுகங்களிலும் அவற்றைச் சூழ்ந்த ஆலைகளிலும் கணக்கராக, அலுவலராக, மேலாளராகச் செல்லப்போகிறோம். ஓர் ஒப்பந்தக் கூலியின் சம்பளத்தாளோ, ஒரு கழிவுநீர்க் குழாயின் கோப்போ நம் மேசைக்கு வரும் நாள் ஒன்று உண்டு. அன்று நாம் இடும் கையெழுத்து வ.உ.சி. நாணாத கையெழுத்தாக இருக்கட்டும்!