சக்கர நாற்காலியில் இருந்து கை கொடுத்த டாக்டர்

இந்த மாதம் டாக்டர் மேரி வர்கீஸ் அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?

மேரி வர்கீஸ் 1925-ஆம் ஆண்டு கேரளாவில் கொச்சிப் பக்கம் பிறந்தார். வேலூர் சி.எம்.சி.யில் படித்து டாக்டர் ஆனார். 1954-ல் ஒரு கார் விபத்து. முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாம போயிடுச்சு. அப்போ அவருக்கு வயசு 28தான். தினமும் வலியோடு பயிற்சி செய்து, சக்கர நாற்காலியில் உட்காரப் பழகினார்.

அப்போது சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். அவர் நம்ம பச்சைமலைக்குப் பக்கத்துக் கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயால் விரல் மடங்கிப்போனவர்களுக்கு ஆபரேஷன் செய்து வந்தார். கை ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாம் அல்லவா? அதை மேரிக்குக் கற்றுக்கொடுத்தார்.

தசையையும் எலும்பையும் இணைக்கும் கயிறுதான் தசைநாண். முன்கையில் நல்லா இருக்கிற ஒரு தசையின் நாணை எடுத்து, மடங்கின விரலில் சேர்த்துத் தைப்பார்கள். மூன்று வாரம் போல மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் விரல் தானா நிமிராது. வேற வேலை செஞ்ச தசை இப்போ விரலை நிமிர்த்தணும். அதை மூளை புதுசா கத்துக்கணும். அதனால் தினமும் பயிற்சி தேவை. அசைக்காமலே விட்டால் நாண் பக்கத்துச் சதையோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டுப் பாரம் தூக்கினால் தையல் அறுந்துவிடும். தொழுநோயாளிகளுக்குக் கையில் உணர்ச்சியும் இருக்காது. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் செய்யணும். சக்கர நாற்காலியில் இருக்கிற டாக்டரே சொல்லும்போது யார்தான் மாட்டேன் என்பார்கள்?

பிறகு மேரி நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-ல் மறைந்தார்.

நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் கரும்பு வெட்டும்போது அரிவாள் பட்டுக் கையில் நாண் அறுபடுவது உண்டு. நரம்பு அறுந்துடுச்சுன்னு சொல்வோம். ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்ததும், வலிக்குதுன்னு சிலர் பயிற்சியை விட்டுடுறாங்க. விரல் விறைத்துப்போனால் சோறு பிசையவே கஷ்டம். அப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், பள்ளி விட்டுப் போனதும் பக்கத்தில் உட்காருங்கள். டாக்டர் எத்தனை தடவை சொன்னாரோ அத்தனை தடவை, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம், ஒண்ணு ரெண்டு எண்ணிச் செய்ய வையுங்கள். இதற்கு டாக்டருக்குப் படிச்சிருக்கணும்னு இல்லை. பொறுமை இருந்தா போதும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி