கணித மேதை உமர் கய்யாம்

உமர் கய்யாம் என்றவுடன் மதுக்கிண்ணமும் நான்கடிப் பாடல்களுமே நம் மாணவர் நினைவில் எழுகின்றன. 1859இல் பிட்ஜெரால்டு வெளியிட்ட ஆங்கில ஆக்கமும், அதனைத் தழுவிக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை யாத்த தமிழ்ப் பாடல்களும் அப்புகழை நம்மிடையே நிலைநாட்டின. அவர் பெயரால் வழங்கும் பாடல்களுள் எவை உண்மையில் அவருடையவை என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கணித நூல்கள் பற்றியோ அத்தகைய ஐயம் இல்லை. ஆதலின் கவிஞரை விடுத்துக் கணித மேதையையே ஈண்டு நாம் காண்போம்.

பாரசீகத்தின் நிஷாபூரில் 1048இல் பிறந்த அவர், சமர்க்கந்து சென்று காழி அபூ தாஹிரின் ஆதரவில் இயற்கணித நூல் ஒன்றை இயற்றினார். 1074இல் சுல்தான் மலிக்ஷாவும் அமைச்சர் நிஜாமுல் முல்க்கும் அவரை இஸ்பஹானுக்கு அழைத்தனர். ஜலாலி நாட்காட்டி 1079இல் உருவானது அங்குதான். அதற்கு ஈராண்டு முன்னரே, 1077இல், யூக்ளிடின் நூலிலுள்ள சிக்கல்களை ஆராயும் அரபு நூலை அவர் எழுதி முடித்தார்.

அந்நூல் எடுத்துக்கொண்ட சிக்கல்களுள் ஒன்று விகிதம் பற்றியது. 45 அடி, 12 அடி நீளமுள்ள இரு கோல்களைக் கொள்வோம். பெரியதிலிருந்து சிறியதை மும்முறை கழித்தால் 9 எஞ்சும். 12இலிருந்து 9ஐ ஒருமுறை கழித்தால் 3 எஞ்சும். 9இலிருந்து 3ஐ மும்முறை கழித்தால் எதுவும் எஞ்சாது. கழித்தல் முடிவுற்றமையால் 3 அடியே பொது அளவு. விகிதம் 15க்கு 4. இனி, ஒரு சதுரத்தின் மூலைவிட்டத்தையும் பக்கத்தையும் இவ்வாறே கழித்துப் பார்ப்போம். முதற்கண் ஒருமுறை, பின்னர் ஒவ்வொரு படியிலும் இருமுறை கழித்தும் மிச்சம் இருந்துகொண்டேயிருக்கும். கழித்தல் ஒருநாளும் முடியாது. முடிவதாயின் விகிதமுறு எண். முடியாததாயின் விகிதமுறா எண். எளிய சோதனைதான், ஆயினும் எத்துணை நுட்பம்!

இத்தகைய மூலங்களை அரபியர் 'செவிடு' எனப் பொருள்படும் அஸம்ம் என்னும் சொல்லால் வழங்கினர். இலத்தீனார் அச்சொல்லை அப்படியே தம் மொழியில் பெயர்த்தனர். நம் பள்ளி நூல்கள் இவற்றை முறுடு என்கின்றன.

இக்கழித்தல் முறை கய்யாமுக்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. படிதோறும் கழித்தல் எண்ணிக்கைகள் ஒத்திருப்பின் இரு விகிதங்களும் சமம் என அதனையே விகிதத்தின் இலக்கணமாகக் கொண்டவரும் அவருக்கு முன் இருந்தனர். கய்யாம் அவ்விலக்கணத்தை ஏற்று, அது யூக்ளிடின் இலக்கணத்தோடு பொருந்துவதை நிறுவ முற்பட்டார். அதனினும் அரிய வினா ஒன்றையும் எழுப்பினார்: முடிவுறாத இவ்விகிதத்தை எண் எனல் தகுமா? கிரேக்க மரபில் எண் என்பது முழு எண்ணே. மூலைவிட்டம் வெறும் நீளம். கய்யாம் ஓர் அலகைக் கற்பித்துக்கொண்டு, விகிதத்தைக் கோடாகவோ பரப்பாகவோ கருதாமல் அறிவினால் பிரித்துணரும் அளவாகக் கண்டு, எண்ணைப் போலவே கையாளலாம் என்றார். மெய்யான எண் என அறுதியிட்டுரைக்க அவருக்குத் தயக்கம் இருந்தது. அத்தயக்கத்தை மறைக்காமல் எழுதியமையே அவர்பால் நம் மதிப்பை உயர்த்துகிறது.

1092இல் அமைச்சர் கொலையுண்டார். சுல்தானும் அவ்வாண்டே மறைந்தார். வானாய்வுப் பணிக்கு அரசின் ஆதரவு நின்றது. இறுதிக் காலத்தில் நிஷாபூர் திரும்பிய கய்யாம் 1131இல் அங்கேயே காலமானார். அடுத்த நூற்றாண்டில் நசீருத்தீன் தூஸி அவருடைய யூக்ளிடு ஆய்வைப் பயின்று, அதனை மேலும் வளர்த்தார்.