சீட் பெல்ட்: ஒரு 'க்ளிக்'கில் உயிர் காக்கும் வித்தை... யார் இந்த நில்ஸ் போலின்?

காரில் ஏறியதும் தோள் பக்கத்திலிருந்து இழுத்து, இடுப்புக்கு அருகே 'க்ளிக்' என்று மாட்டுகிறோமே, அந்த மூன்று முனை சீட் பெல்ட்டை வடிவமைத்தவர் சுவீடனைச் சேர்ந்த நில்ஸ் போலின். பெல்ட்டை உருவாக்க அவருக்கு ஆனது சுமார் ஒரு வருடம்தான். அதை மக்கள் போடுவதற்கு சட்டமே வர வேண்டியிருந்தது.

விமானத்திலிருந்து காருக்கு...

1920 ஜூலை 17-ல் ஹார்னோசாண்ட் நகரில் பிறந்தார் போலின். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர், 1942-ல் 'சாப்' விமான நிறுவனத்தில் சேர்ந்தார். ஆபத்து நேரத்தில் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் தொழில்நுட்பத்தில் வேலை செய்தார். திடீர் விசையை மனித உடம்பு எப்படித் தாங்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

1958-ல் வால்வோ நிறுவனம் அவரைப் பாதுகாப்புப் பொறியாளராக அழைத்துக்கொண்டது.

அதற்கு முன் பெல்ட் இல்லையா?

சில கார்களில் இருந்தது. ஆனால், பெரும்பாலும் இடுப்பைச் சுற்றி மட்டும் கட்டும் பெல்ட். மோதும்போது இடுப்பு நிற்கும், தலையும் நெஞ்சும் முன்னால் பாயும். பெல்ட்டே வயிற்றை அழுத்தி உள்ளுறுப்புகளைக் காயப்படுத்துவதும் நடந்தது.

விமானி என்றால் உடம்பு முழுக்க வார் போட்டுக் கட்டினாலும் பொறுத்துக்கொள்வார். பக்கத்துத் தெருக் கடைக்கு காரில் போகிறவர் பொறுப்பாரா? ஒரு நிமிஷ அசௌகரியம்கூட ஆகாது. அதனால், ஒரே கையால் சட்டுனு மாட்ட முடியணும் என்பதில் போலின் குறியாக இருந்தார்.

நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை, இடுப்புக்குக் குறுக்கே ஒரு பட்டை. இரண்டும் இருக்கையின் பக்கவாட்டில், தாழ்வாக, 'வி' வடிவில் சேரும். மோதலின் விசை வயிற்றில் இறங்காமல் விலா எலும்பு, இடுப்பெலும்புப் பக்கம் போய்விடும். அவ்ளோதான் சூத்திரம்!

1959 ஆகஸ்ட் 13-ல் இந்த பெல்ட் பொருத்திய முதல் கார் டீலரிடம் போனது. காப்புரிமையை வைத்து வால்வோ நிறைய சம்பாதித்திருக்கலாம். ஆனால், மற்ற கார் நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று திறந்துவிட்டது.

சட்டம் எதற்கு?

பெல்ட் இருந்தும் பலர் போடவில்லை. 1967-ல், சுவீடனில் நடந்த 28,000 விபத்துகளை அலசிய ஆய்வை போலின் முன்வைத்தார். மணிக்கு சுமார் 96 கி.மீ. வரையிலான விபத்துகளில், மூன்று முனை பெல்ட் போட்டிருந்த யாரும் இறக்கவில்லை. போடாதவர்களோ 20 கி.மீ. வேகத்திலேயே இறந்திருந்தார்கள்.

1970-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம் பெல்ட் அணிவதைக் கட்டாயமாக்கியது. போலினின் சொந்த நாடான சுவீடனில் முன் சீட்டுக்கே 1975-ல்தான் சட்டம் வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணம் 1984-ல் முதலில் கொண்டுவந்தது.

குழந்தைகளுக்கு?

பெரியவர்களின் பெல்ட் சின்னக் குழந்தைக்குக் கழுத்தில் ஏறிவிடும். அதனால்தான் அவர்களுக்குத் தனி இருக்கை. 'மடியில பிடிச்சுக்கிட்டா போதும்' என்பது ஆபத்தான நம்பிக்கை. மோதும் கணத்தில் 10 கிலோ குழந்தை முன்னால் பாயும் விசையை எந்தக் கையாலும் தாங்க முடியாது. அமெரிக்காவின் டென்னசி மாகாணம் 1978-லேயே குழந்தைகளுக்கான சட்டத்தை அமலாக்கியது. இந்தியாவில் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் கார் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம்.

1985-ல் ஓய்வுபெற்ற போலின், 2002 செப்டம்பர் 21-ல் தன் 82-வது வயதில் காலமானார். போலீஸைப் பார்த்ததும் அவசரமாக பெல்ட்டை இழுப்பவர்கள் இன்றும் உண்டு. அபராதத்திலிருந்து தப்பிக்க அது உதவலாம். விபத்து அப்படி முன்கூட்டியே கண்ணில் படாது. முன் சீட்டோ பின் சீட்டோ, வண்டி நகர்வதற்கு முன்பே அந்த 'க்ளிக்' கேட்க வேண்டும்.