கானச் செல்வர் ஸைகல்

நம் காலனியில் ரயில்வே உத்தியோகஸ்தர் குடும்பங்களே மிகுதி. ஆதலின், ஆண்டு மலருக்குப் பெரியோர் ஒருவரின் வரலாறு எழுதுமாறு சங்கத்தார் பணித்தபோது, நம் இலாகாவைச் சேர்ந்த ஒருவரையே நாம் தேர்ந்துகொண்டோம். சிறிது காலம் ரயில்வேயில் டைம்கீப்பராயிருந்து, தொழிலாளர் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் குறித்துவந்த ஓர் இளைஞர், பின்னாளில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாட்டு மக்களின் இசை ரசனையையே மாற்றியமைத்தார். அவர்தாம் குந்தன்லால் ஸைகல்.

1904-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் ஜம்முவில் பிறந்தார். தந்தை அமர்சந்த் அங்கே தாசில்தார். அன்னை கேசர்பாய் பஜனைகளுக்குச் செல்லுங்கால் மகனையும் உடனழைத்துச் செல்வார். ராம்லீலாவில் சிறுவன் சீதை வேஷம் தரிப்பதும் உண்டு. இவையே அவருக்கு வாய்த்த சங்கீதப் பள்ளி. குருகுல வாசம் செய்து முறையாகப் பயின்றவரல்லர். படிப்பையும் முடித்தாரில்லை. ரயில்வே வேலையை விட்டபின் ரெமிங்டன் டைப்ரைட்டர் விற்பனையாளராக ஊர் ஊராகத் திரிந்தார். நம் அலுவலகங்களில் மூத்தோர் தட்டிய யந்திரங்களுள் ஒன்றிரண்டு அவர் கைப்பட வந்தனவாகவும் இருக்கலாம்; யார் கண்டார்?

1930-களின் தொடக்கத்தில் கல்கத்தா அவரை ஏற்றுக்கொண்டது. பி. என். சர்க்கார் நிறுவிய நியூ தியேட்டர்ஸில் மாதம் 200 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். பேசும் படம் இந்நாட்டில் 1931-ல்தான் பிறந்தது. அதுகாறும் நாடகமேடையில் பாடியோர், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்ச ஸ்தாயியில் முழங்கியாக வேண்டும். திரைக்கு வந்தபின்னும் பலர் அப்பழக்கத்தை விட்டாரில்லை. ஸைகலோ, மைக் என்னும் கருவி அருகிருக்கும் செவி என்பதை உணர்ந்துகொண்டார். எதிரே ஒருவரே அமர்ந்திருப்பதாகப் பாவித்து, மெல்லிய குரலில், பேசுவதுபோலப் பாடினார். பெருமூச்சும் கேட்கும், சொல்லின் முடிவில் எழும் சிறு நடுக்கமும் கேட்கும். மேடையில் மறைந்துபோகும் இந்நுட்பங்களை இசைத்தட்டு வீடுதோறும் கொண்டு சேர்த்தது. இதுவே அவர் செய்த பெரும் மாறுதல் என்பது நம் துணிபு.

1935-ல் வெளிவந்த ஹிந்தி தேவதாஸ் அவர் புகழை நாடெங்கும் பரப்பிற்று. காதலில் தோற்றவன் மதுக்கிண்ணமேந்திச் சோகம் பாடுவதை ஓர் அழகாக்கிய பழியும் அப்படத்துக்குண்டு, அதனை மறைப்பதற்கில்லை. 1953-ல் நாகேஸ்வரராவ் நடித்த தேவதாஸைக் கண்டு கண்ணீர் வடித்த நம்மவர்க்கு இது புதிதன்று.

பஞ்சாபியாகிய ஸைகல் வங்கமொழியைக் கற்று, வங்காளப் படங்களில் நடித்தார், பாடினார். தம் பாடல்கள் சிதைவுறாமற் காப்பதில் கண்டிப்புடைய ரவீந்திரநாத தாகூரே, அவற்றைப் பாட அவருக்கு இசைவளித்தார். 1937-ல் வெளியான தமிழ்த் தேவதாஸ் படத்தில் நம் மொழியிலும் இரு பாடல்கள் பாடியுள்ளார். கால் நூற்றாண்டு ஓரூரில் வாழ்ந்தும், அவ்வூர்ப் பாஷையில் காய்கறி விலை கேட்பதோடு நின்றுவிடும் நம்மிற் சிலர் இதனைக் கருதிப் பார்க்கலாம்.

1941-ன் இறுதியில் பம்பாய் சென்று பக்த சூர்தாஸ், தான்ஸேன் முதலிய படங்களில் நடித்தார். ஆனால் குடிப்பழக்கம் அவரை மீளாவண்ணம் பற்றியிருந்தது. அருந்தாமற் பாடினால் குரல் எழாது என்றே நம்பினார். 1946-ல் வெளிவந்த ஷாஜஹான் படத்துக்கு இசையமைத்த நௌஷாத், ஒரு பாடலைக் குடிக்குமுன்னும் பின்னும் பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டினாராம். குடிக்குமுன் பாடியதே சிறந்தது என்று ஸைகல் ஒப்புக்கொண்டாராம். உண்மை தெரிந்தது; காலம் கடந்துவிட்டது. 1947 ஜனவரி 18-ஆம் நாள் ஜாலந்தரில் காலமானார். வயது 42.

ஏழு மாதங்களில் தேசம் இரண்டாயிற்று. அவர் பாடிய பஞ்சாபும் வங்காளமும் பிளவுண்டன. பாடல்களைப் பங்கிட எவராலும் இயலவில்லை. லாகூரிலும் டாக்காவிலும் அதே இசைத்தட்டுக்கள் சுழன்றன. 1952-ல் மத்திய மந்திரி கேஸ்கர், சினிமாப் பாட்டுத் தரந்தாழ்ந்ததெனக் கருதி அகில இந்திய ரேடியோவில் அதனைக் கட்டுப்படுத்தினார். மக்கள் சும்மா இருந்தார்களா? வானொலி முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படையினர் அங்கே அமைத்த ஒலிபரப்பு யந்திரங்களின் வலிமையால், ரேடியோ சிலோன் இமயம் வரை ஒலித்தது. அதன் காலை நேரப் பழைய ஹிந்திப் பாடல் நிகழ்ச்சி, எட்டு மணிக்குச் சற்று முன்னர், ஸைகலின் பாட்டொன்றுடனேயே முடிவுறும். கடிகாரம் பாராமலே, அக்குரல் கேட்டதும் சோற்று மூட்டையைக் கையிலெடுத்துப் புறப்பட்டோர் நம் இலாகாவிலும் பலர். பழைய டைம்கீப்பர் தம் வேலையை விடவில்லை போலும்!

1957 அக்டோபர் 3-ல் விவித பாரதி தொடங்கப்பெற்று, சினிமாப் பாட்டு நம் நாட்டு வானொலிக்குத் திரும்பிற்று. அதன் பின்னரும் பல்லாண்டுகள் கொழும்பு நிலையத்தார் அவ்வழக்கத்தைக் கைவிட்டாரில்லை.