எச். சி. பக்

ஹாரி குரோ பக் (1884 – 1943) அமெரிக்காவில் பிறந்து சென்னையில் பணியாற்றிய உடற்கல்வியாளர் ஆவார். எச். சி. பக் என்ற பெயரால் பரவலாக அறியப்படும் இவர், 1920 ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தோற்றுவித்தார். உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஆசியாவில் ஏற்பட்ட முதல் கல்லூரியாக இது கருதப்படுகிறது. இந்தியாவில் ஒலிம்பிக் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராகவும் பக் மதிக்கப்படுகிறார்.

பின்னணி

கிறித்தவ இளைஞர் சங்கம் எனப்படும் ஒய்.எம்.சி.ஏ. 1844 இல் இலண்டனில் ஜார்ஜ் வில்லியம்சு என்பவரால் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் வேத பாடமும் வழிபாடுமே இதன் முதன்மைப் பணிகளாக இருந்தன. அமெரிக்காவுக்குப் பரவிய பின்னர் விளையாட்டும் திறந்தவெளி வாழ்க்கையும் இதன் பணிகளில் சேர்ந்தன. 1885 இல் சம்னர் டட்லி என்பவர் நியூயார்க் மாநிலத்தில் சில சிறுவர்களை அழைத்துச் சென்று நடத்திய கூடார முகாம், ஒய்.எம்.சி.ஏ. முகாம் பணியின் தொடக்கம் எனக் கொள்ளப்படுகிறது.

இத்தகைய பணிகளுக்குத் தலைவர்களை உருவாக்கும் இடமாக மாசச்சூசெட்சு மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிக் கல்லூரி விளங்கியது. உடல், மனம், ஆன்மா ஆகிய மூன்றையும் சேர்த்து வளர்க்க வேண்டும் என்னும் கருத்தை அங்கு லூதர் குலிக் வலியுறுத்தினார். ஒய்.எம்.சி.ஏ.வின் முக்கோணச் சின்னம் இக்கருத்தையே குறிக்கிறது. கூடைப்பந்தாட்டம் 1891 இல் இக்கல்லூரியிலேயே ஜேம்சு நைசுமித் என்பவரால் உருவாக்கப்பட்டது.

இளமையும் கல்வியும்

பக் 1884 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லிவர்பூல் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்று உடற்கல்வியில் தேர்ச்சி பெற்றார். அங்கு கற்ற முறைகளையே பின்னாளில் சென்னைச் சூழலுக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தினார்.

சென்னை வருகை

சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. 1890 இல் டேவிட் மெக்கானகி என்னும் அமெரிக்கரால் நிறுவப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் எதிரே எசுபிளனேடு பகுதியில் இதன் கட்டிடம் அமைந்துள்ளது. சேலத்தில் பிறந்த கே. டி. பால் 1916 இல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச் செயலாளரானார். அவர் அப்பொறுப்பில் இருந்த காலத்தில், 1919 இல், பக் சென்னைக்கு வந்தார்.

அக்காலத்தில் சென்னை மாகாணப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்பது பெரும்பாலும் படைத்துறைப் பாணியிலான அணிப்பயிற்சியாகவே இருந்தது. படையிலிருந்து ஓய்வு பெற்றோர் பலர் இதைக் கற்பித்தனர். டிரில் மாஸ்டர் என்று அழைக்கப்பட்ட இவர்களுக்குப் பிற ஆசிரியர்களுக்கு இணையான மதிப்போ ஊதியமோ இல்லை. மாணவர்களும் இவ்வகுப்பைத் தண்டனை போலவே கருதினர். நல்ல ஆசிரியர் இல்லாமல் நல்ல விளையாட்டு இல்லை என்று உணர்ந்த பக், ஆசிரியர்களை உருவாக்குவதையே தம் முதற்பணியாகக் கொண்டார்.

உடற்கல்விக் கல்லூரி

1920 இல் எசுபிளனேடு ஒய்.எம்.சி.ஏ.வில் ஐந்து மாணவர்களுடன் பயிற்சி நிலையம் தொடங்கியது. அப்போது பக் ஒருவரே ஆசிரியர். பின்னர் 1930களில் இந்நிலையம் சைதாப்பேட்டை – நந்தனம் பகுதியில் அடையாற்றின் அருகே உள்ள பரந்த வளாகத்துக்கு மாறியது. சென்னைப் புத்தகக் காட்சி பல ஆண்டுகள் நடைபெற்றுள்ள நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடல் இவ்வளாகமே ஆகும்.

கிறித்தவ அமைப்பு நடத்திய நிலையமாயினும் எல்லாச் சமயத்தாரும் இங்கு சேர்ந்து பயின்றனர். விடுதலை இயக்கம் வலுப்பெற்று வந்த அக்காலத்தில், அயல்நாட்டவர் ஒருவர் கொண்டுவரும் விளையாட்டுகள் இந்தியர்களுக்குத் தேவையா என்னும் கேள்வி எழுவது இயல்பே. இந்தியர்களின் உடல் வலுவற்றது என்ற எண்ணமும் அன்றைய மேலைநாட்டுப் பணியாளர் பலரிடம் இருந்தது. பக் மேலை விளையாட்டுகளை மட்டும் கற்பிக்கவில்லை. தண்டால், பஸ்கி, சடுகுடு போன்ற உள்நாட்டுப் பயிற்சிகளுக்கும் ஆட்டங்களுக்கும் பாடத்திட்டத்தில் இடமளித்தார். அவரது பணி இந்நாட்டில் வேரூன்ற இது முக்கியக் காரணமாயிற்று.

சென்னை மாகாண அரசுக்கு உடற்கல்வி ஆலோசகராகவும் பக் பணியாற்றினார்.

ஒலிம்பிக் பணி

1924 இல் பாரிசில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்ற இந்தியத் தடகள அணியின் மேலாளராகவும் பயிற்சியாளராகவும் பக் பொறுப்பேற்றார். கண்ணூரைச் சேர்ந்த தடை ஓட்ட வீரர் சி. கே. இலட்சுமணன் அவ்வணியில் இடம்பெற்றிருந்தார். அணி பதக்கம் எதையும் வெல்லவில்லை. எனினும், இந்திய வீரர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்து அனுப்ப நிலையான அமைப்பு ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1927 இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது. தோராப்ஜி டாட்டா அதன் முதல் தலைவராகவும், ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஏ. ஜி. நோரன் செயலாளராகவும் விளங்கினர். இச்சங்கம் அமைவதற்கு உதவியவர்களுள் பக்கும் ஒருவர்.

எழுத்துப் பணி

விளையாட்டு விதிகளைத் தொகுத்து பக் வெளியிட்ட நூல், பின்வந்த பதிப்புகளின் வழியாகப் பல தலைமுறை உடற்கல்வி ஆசிரியர்களுக்குக் கையேடாக அமைந்தது. வெவ்வேறு ஊர்ப் பள்ளிகள் ஒரே விதியின்படி போட்டியிட இத்தகைய நூல்கள் துணை செய்தன. உடற்கல்விக்கென ‘வியாயாம்’ என்னும் ஆங்கில இதழும் 1929 இல் தொடங்கப்பட்டது.

மறைவும் தாக்கமும்

பக் 1943 இல் காலமானார். இந்தியாவுக்கு வந்தது முதல் ஏறத்தாழ 24 ஆண்டுகளை இப்பணியிலேயே கழித்தார். அவர் தொடங்கிய கல்லூரி இளங்கலை, முதுகலை, ஆய்வுப் படிப்புகளை வழங்கும் நிறுவனமாக வளர்ந்தது. அவரது நினைவாக விளையாட்டுப் போட்டிகளும் நடத்தப்பட்டு வந்துள்ளன. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பட்டது. டிரில் மாஸ்டர் பணியாக மட்டும் கருதப்பட்ட ஒரு துறை தனிப் பல்கலைக்கழகம் காணும் நிலைக்கு உயர்ந்ததற்கு பக் இட்ட அடித்தளமும் ஒரு காரணமாகும். மாணவர்கள் ஆசிரியர்களுடன் சில நாட்கள் தங்கிப் பொறுப்புகளைப் பகிர்ந்து பழகும் தலைமைப் பயிற்சி முகாம் இன்றும் பல உடற்கல்விக் கல்லூரிகளின் பயிற்சியில் இடம்பெறுகிறது.